டி.ஆர்.ஐ. இசைக்குழு: புதிதாகக் கேட்பவர்களும் வாசிக்க விரும்புபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டி.ஆர்.ஐ. யார்?

1982ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் தொடங்கிய ஹார்ட்கோர் பங்க் (பங்க் ராக்கின் வேகமான, முரட்டு வடிவம்) குழு. முழுப்பெயர் டர்ட்டி ராட்டன் இம்பெசைல்ஸ். பாடகர் கர்ட் பிரெக்ட், அவருடைய சகோதரர் எரிக் பிரெக்ட் டிரம்ஸ், ஸ்பைக் கேசிடி கிட்டார், டென்னிஸ் ஜான்சன் பாஸ். இதுதான் முதல் அணி. 1983ல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார்கள். அங்கே வேனிலேயே தங்கி, இலவச உணவுக்கூடங்களில் சாப்பிட்டுக்கொண்டு வாசித்த காலம் அது. அதே ஆண்டு டெட் கென்னடிஸ் குழுவோடு 'ராக் அகெய்ன்ஸ்ட் ரீகன்' சுற்றுப்பயணத்திலும் இருந்தார்கள். பாஸும் டிரம்ஸும் பலமுறை கைமாறின. கர்ட்டும் ஸ்பைக்கும் மட்டும் ஆரம்பத்திலிருந்து இருப்பவர்கள்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

பிரெக்ட் சகோதரர்கள் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது, சத்தம் தாங்காமல் அவர்களுடைய அப்பா திட்டிய வசவு. அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். கைகால்களை வீசி ஓடும் மனிதன் வட்டத்துக்குள் இருக்கும் சின்னத்தை வரைந்தவர் எரிக். ஸ்கேங்கர் மேன் என்று அதைச் சொல்வார்கள்.

இவர்கள் ஹார்ட்கோரா, மெட்டலா?

எந்த ஆண்டுத் தட்டைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1983ல் சுத்தமான ஹார்ட்கோர். 1989ல் ஏறக்குறைய த்ராஷ் மெட்டல், அதாவது ஹெவி மெட்டலின் வேகமான வடிவம். நடுவில் 1987ல் வந்த ஆல்பத்தின் பெயரே 'கிராஸ்ஓவர்'. இரண்டும் கலந்த இசைவகைக்கு இன்றும் அந்தப் பெயர்தான் வழங்குகிறது.

இந்தக் கலப்பை அவர்கள் மட்டுமே செய்தார்கள் என்று சொல்ல முடியாது. சூசைடல் டென்டென்சீஸ், கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி, நியூயார்க்கின் அக்னாஸ்டிக் ஃப்ரண்ட், க்ரோ-மேக்ஸ் எல்லாரும் அதே காலத்தில் அதே கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அன்று இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நம்பவில்லை. பங்க் நிகழ்ச்சிக்கு நீள முடியோடு போனவன் அடிவாங்கித் திரும்பிய காலம். பெர்க்லியில் இருந்த ரூத்தீஸ் இன் போன்ற சில அரங்குகளில்தான் இருவரும் ஒரே தரையில் நின்றார்கள். டி.ஆர்.ஐ.யின் தனிச்சிறப்பு என்னவென்றால், மாற்றம் முழுவதும் தட்டு தட்டாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு இசைவகை இன்னொன்றாக மாறுவதை ஒரே கிட்டார்காரரின் வலது கையில் தொடர்ந்து கேட்க முடிகிற வாய்ப்பு வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது என்பது எங்கள் உறுதியான கருத்து.

எந்த வரிசையில் கேட்பது?

வெளிவந்த வரிசையிலேயே கேளுங்கள். 'சிறந்த பாடல்கள்' தொகுப்பிலிருந்து தொடங்கினால் 40 நொடிப் பாட்டும் 4 நிமிடப் பாட்டும் அடுத்தடுத்து வந்து இரண்டையும் கெடுக்கும்.

முதலில் 1983ன் 'டர்ட்டி ராட்டன்'. 22 பாட்டு, மொத்தம் சுமார் 18 நிமிடம். அதாவது ஒரு பாட்டுக்குச் சராசரியாக 50 நொடிகூட இல்லை. நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேட்க வேண்டியது. அடுத்து 1984ன் 'வயலன்ட் பேசிஃபிகேஷன்', நான்கே பாட்டு. 1985ன் 'டீலிங் வித் இட்!' பாடல்கள் இன்னமும் குட்டையாகத்தான் இருக்கும், ஆனால் ரிஃப்கள் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்றொடர்கள்) தெளிந்துவிட்டன. பிறகு 1987ன் 'கிராஸ்ஓவர்': 12 பாட்டு, பெரும்பாலானவை மூன்று நிமிடத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். அதன் முதல் பாட்டு 'தி ஃபைவ் இயர் பிளான்' தொடங்கிய உடனேயே மாற்றம் புரிந்துவிடும். பிறகு 'ஃபோர் ஆஃப் எ கைண்ட்' (1988), 'த்ராஷ் ஜோன்' (1989). 1992ன் 'டெஃபினிஷன்', 1995ன் 'ஃபுல் ஸ்பீட் அஹெட்' இரண்டையும் ஆர்வம் நிலைத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

நேரம் இல்லையென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. 'ஐ டோன்ட் நீட் சொசைட்டி' 1983லும் 1985லும் இருமுறை பதிவானது. இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். பாட்டு ஒன்றே. ஆனால் இரண்டாவதில் டிரம்ஸில் எரிக்குக்குப் பதில் ஃபெலிக்ஸ் கிரிஃபின் இருக்கிறார், கிட்டாரின் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியாகக் கேட்கிறது. 'கவுச் ஸ்லவுச்' அதைவிட நல்ல பாடம்: 1984, 1985, பிறகு 2016 குறுந்தட்டு (ஈ.பி., சில பாட்டே உள்ள சிறு வெளியீடு) என்று மூன்று பதிவுகள்.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேட்கிறதே?

முதல் சில முறை அப்படித்தான் இருக்கும். காது பாடகரைத் துரத்துவதுதான் காரணம். கர்ட்டை விட்டுவிட்டு ஸ்னேர் டிரம்மை (கூர்மையாக வெடிக்கும் சிறிய டிரம்) மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேகமான பகுதியில் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் மாறி மாறி விழும்: கிக், ஸ்னேர், கிக், ஸ்னேர். ஒவ்வொரு கிக்குக்கும் ஒரு ஸ்னேர். திடீரென்று பாட்டு கனத்து இறங்கியது போல இருக்கும் இடத்தில் ஸ்னேர் அடி பாதியாகக் குறைந்திருக்கும். மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் பல இடங்களில் தாளம் மாறியிருக்காது, ஸ்னேர் விழும் இடம்தான் மாறியிருக்கும். இந்தத் திருப்பங்களை எண்ணத் தொடங்கினால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு முகம் வந்துவிடும். 1983ல் ஒரு பாட்டுக்கு இப்படி ஓரிரு திருப்பம். 1987ல் அதுவே பாட்டின் முதுகெலும்பு.

இணையத்தில் ஒரே பாட்டுக்கு நிமிடத்துக்கு 200 அடி என்றும் 400 அடி என்றும் இரண்டு வேகக் கணக்கு கிடைப்பதும் இதனால்தான். கிக்கை எண்ணியவர் ஒன்று சொல்வார், கிக்கையும் ஸ்னேரையும் சேர்த்து எண்ணியவர் இரட்டிப்பாகச் சொல்வார்.

முதல் இசைத்தட்டின் ஒலி ஏன் இவ்வளவு மெலிவு?

பதிவுச் செலவு குறைவு என்பது பாதிக் காரணம். மீதி, தட்டின் அளவு. 22 பாட்டையும் 7 இஞ்சுத் தட்டில் நிமிடத்துக்கு 33 சுழற்சியில் அடைத்தார்கள். பக்கத்துக்குச் சுமார் 9 நிமிடம். 7 இஞ்சுத் தட்டு 33 சுழற்சியில் சங்கடமில்லாமல் தாங்குவது ஆறு, ஏழு நிமிடம். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கியாக வேண்டும். நெருக்கினால் ஊசி அசைய இடம் குறையும், ஆகவே ஒலியளவையும் கீழ்ச்சுருதியையும் குறைத்துத்தான் வெட்ட முடியும். இன்னொன்று: 33 சுழற்சியில் 12 இஞ்சுத் தட்டின் வெளிவிளிம்பில் ஊசி நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளத்தைக் கடக்கிறது. 7 இஞ்சில் வெளிவிளிம்பிலேயே சுமார் 29 செ.மீ.தான், உள்ளே போகப் போக அது 20க்கும் கீழே இறங்கும். ஹை-ஹேட்டின் (டிரம்ஸில் உள்ள ஜோடித் தாளத்தட்டு) கூர்மை முதலில் கரைவது அங்கேதான். அதே பாடல்கள் பின்னர் 12 இஞ்சில் வந்தன. கேட்பதற்கு அதுதான் நல்லது.

ஒரு எச்சரிக்கை. சில பிளேயர்கள் 7 இஞ்சுத் தட்டைக் கண்டதும் தானாக 45க்குப் போய்விடும். வேகம் 1.35 மடங்கு, சுருதி ஐந்து அரைச்சுரம் மேலே. பாடல்கள் ஏற்கனவே வேகம் என்பதால் புதியவர்களுக்குத் தவறு தெரியாமலே போகும். கர்ட்டின் குரல் சிறுவன் குரல் போல் இருந்தால் பொத்தானைப் பாருங்கள்.

பழைய தட்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

தட்டை விளக்குக்குச் சாய்த்துப் பிடியுங்கள். கீறலைவிடப் பள்ளங்களில் சாம்பல் பூத்த மங்கல் மோசம். கனத்த ஊசியில் தேய்ந்ததன் அடையாளம் அது, கழுவினாலும் போகாது. நடுக் காகிதத்துக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, பட்டியலிடப்பட்ட பதிப்புகளோடு ஒப்பிடுங்கள். உறையை மட்டும் நம்பினால் மறுபதிப்பை முதல் பதிப்பு விலைக்கு வாங்க நேரும். இசைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் மறுபதிப்பே போதும். பீர் சிட்டி நிறுவனம் ஆரம்பகாலத் தட்டுகளை மீண்டும் கொண்டுவந்திருக்கிறது.

அந்தக் கிட்டார் ஒலியை எப்படிக் கொண்டுவருவது?

கருவியைவிடக் கைதான் முக்கியம். என்றாலும் தொடங்க ஒரு அடித்தளம் சொல்கிறோம். பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாலம்) பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) உள்ள ஏதாவது ஒரு கிட்டார். வழக்கமான ஈ டியூனிங், 10–46 தடிமன் கம்பி. பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) 0.88 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை. மெலிதான பிக் வளைந்து பின்தங்கும்.

ஆம்ப்பில் பத்துக்கு: கெயின் (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) 6, பாஸ் 5, மிட்ஸ் (நடுச்சுருதி) 6, டிரெபிள் 6 என்று வைத்து அங்கிருந்து நகருங்கள். பலர் செய்யும் தவறு கெயினை 9க்கு ஏற்றுவது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது பிரமாண்டமாக இருக்கும், டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமல் போகும். காரணம் எளிது. கெயின் ஏற ஏற ஒலி அமுங்கி, மெல்லிய அடியும் வலிய அடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும், அடிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய அமைதி இரைச்சலால் நிரம்பிவிடும். இந்த இசையின் கூர்மை அந்த அமைதியில் இருக்கிறது. மிட்ஸைத் தோண்டி எடுப்பதும் அதே வகைத் தவறு. மேடையில் ஒரே கிட்டார் என்பதால் மிட்ஸ் போனால் உங்கள் இடமே போச்சு.

பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை மந்தமாக்குவது): உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க ஓரத்தைக் கம்பி பிரிட்ஜை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே வையுங்கள். சில மில்லிமீட்டர் முன்னால் போனால் சுரம் செத்து வெறும் தட்டல் கேட்கும். பின்னால் போனால் கம்பி திறந்து ஒலிக்கும். அழுத்த வேண்டாம். அழுத்தினால் சுருதி ஏறும், மிதக்கும் பிரிட்ஜ் என்றால் மொத்தக் கிட்டாரும் விலகும். 1983ன் பாடல்களில் இந்த மியூட் குறைவு, திறந்த பவர் கார்டுகள் (இரண்டு மூன்று கம்பியில் பிடிக்கும் எளிய கார்டுகள்)தான் ஓடும். 1985க்குப் பிறகு மியூட் ரிஃப்பின் இலக்கணமாகவே ஆகிறது. மெட்டல் உள்ளே வந்த வாசல் எது என்று ஒன்றை மட்டும் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவோம்.

நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் கருவி) வைத்திருந்தால், கம்பிகளைக் கையால் மூடி, ஆம்ப்பை நிகழ்ச்சி அளவுக்கு ஏற்றி, சீறல் நிற்கும் வரை மட்டும் திருப்புங்கள். அதற்கு மேல் ஒரு இம்மி போனாலும் கார்டின் வால் வெட்டுப்படும்.

வேகம் வரவில்லை, முன்னங்கை வலிக்கிறது. என்ன செய்வது?

வலி வந்தால் நிறுத்துங்கள். எரிச்சல் என்பது தசை களைப்பு, இரண்டு நிமிடத்தில் போகும். மணிக்கட்டில் குத்தலோ விரலில் மரமரப்போ வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பெரும்பாலும் பிரச்சினை முழங்கையிலிருந்து அடிப்பதில் இருக்கும். மணிக்கட்டிலிருந்து அடிக்க வேண்டும், பிக்கின் நுனி கம்பிக்குக் கீழே 2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. மெட்ரோனோமை 120ல் வைத்து, அதன் ஒரு தட்டலுக்கு இரண்டு டவுன்ஸ்ட்ரோக் (கீழ்நோக்கிய அடி). ஒரு நிமிடம் பிசகாமல் வந்தால் 5 ஏற்றுங்கள். பிசகினால் 10 இறக்குங்கள். 200ஐ எட்டும்போது நொடிக்கு ஆறரை அடிக்கு மேல். அதற்கு அப்பால் மேலும் கீழுமாக அடிப்பதே விவேகம். டவுன்ஸ்ட்ரோக்கின் கனத்தைக் கனத்து இறங்கும் மாஷ் ரிஃப்களுக்கு வைத்துக்கொண்டு, பாயும் பகுதிகளில் மாற்றி அடியுங்கள். ஒரு நாளைக்கு 15 நிமிடம் போதும்.

டிரம்ஸ்காரர் முதலில் எதைப் பழக வேண்டும்?

மேலே சொன்ன கிக்-ஸ்னேர் மாற்றடி. ஹை-ஹேட்டைக் கிக்கோடு மட்டும் சேர்த்து அடித்தால் வலது கைக்கு வேலை பாதியாகும், வேகத்தில் நிலைக்க முடியும். கிக்குக்கும் ஸ்னேருக்கும் இரண்டுக்கும் ஹை-ஹேட் அடித்தால் செறிவு கூடும், ஆனால் நீண்ட நேரம் தாங்காது. ஆரம்பக்காரர்களிடம் கெடுவது பெரும்பாலும் ஸ்னேர்: கிக்கை ஒட்டி முன்னால் நழுவி, தாளம் நொண்டும். 140ல் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் இடைவெளி சமமா என்று காதே சொல்லும். டிஸ்சார்ஜ் குழுவிடமிருந்து வந்த டி-பீட் வேறு. அதில் கிக் சமமாக விழாமல் துள்ளும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாஸ்?

பிக்கால் வாசியுங்கள், சிறிது ஓவர்டிரைவ், மிட்ஸ் தாராளமாக. கிட்டார் நிறுத்தும் இடத்தில் நீங்களும் அதே நொடியில் நிறுத்துவதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு.

கர்ட் பிரெக்ட் போலப் பாட முடியுமா?

அவர் உறுமுவதில்லை, கத்திப் பேசுகிறார். சொற்கள் அவ்வளவு நெருக்கமாக வந்தாலும் மெய்யெழுத்துகள் உடைவதில்லை. ஆகவே முதலில் வரிகளைச் சாதாரணக் குரலில், தாளத்தோடு, முழு வேகத்தில் சொல்லிப் பழகுங்கள். எங்கே மூச்சு எடுப்பது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்காமல் தொடங்கினால் நான்காவது வரியில் காற்று தீர்ந்து தொண்டையால் தள்ள ஆரம்பிப்பீர்கள், குரல் போவது அங்கேதான். பயிற்சி 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள். ஒலி சேறாகும், ஊளையும் கிளம்பும்.

பாடல்கள் எதைப் பற்றி?

1980ல் அமெரிக்காவில் இளைஞர்கள் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் பெயர் பதிவது மீண்டும் கட்டாயமானது. 'டிராஃப்ட் மீ' அந்தப் பயத்திலிருந்து வந்த பாட்டு. 'ரீகனாமிக்ஸ்' அன்றைய அதிபர் ரீகனின் பொருளாதாரக் கொள்கையைப் பற்றியது. 'சூப் கிச்சன்' இலவசச் சோற்று வரிசை. பின்னாளில் தனிமனிதனின் சோர்வு, அடிமைப்பழக்கம், வேலைக்காரத் தேனீ வாழ்க்கை என்று உள்முகமாகத் திரும்பினார்கள். மேடைப் பேச்சு போல நீட்டுவதில்லை. சொல்ல வந்ததைச் சொன்னதும் பாட்டு முடிந்துவிடும். இந்தச் சிக்கனம்தான் எங்களுக்கு அவர்களிடம் மிகவும் பிடித்தது. நான்கு நிமிடப் பாட்டுகளிலும் அது முழுக்கப் போய்விடவில்லை.

1987ல் மெட்டல் பக்கம் சாய்ந்தது துரோகம் என்கிறார்களே?

அன்று பலர் சொன்னார்கள். தட்டுகளைக் கேட்டால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. 1985லேயே ரிஃப்கள் அந்தத் திசையில் நடந்துகொண்டிருந்தன. பழைய டிரம்ஸ்காரர் எரிக் 1986ல் ஹைராக்ஸ் என்ற த்ராஷ் குழுவின் 'ஹேட், ஃபியர் அண்ட் பவர்' தட்டில் வாசித்தார். எதிர்த்திசையிலும் பாதை திறந்திருந்தது: 1996ல் ஸ்லேயர் தங்கள் பங்க் பாடல் தொகுப்பில் 'வயலன்ட் பேசிஃபிகேஷன்'ஐ எடுத்து வாசித்தார்கள். நேர்மையான விமர்சனம் ஒன்று உண்டு. 'த்ராஷ் ஜோன்' காலத்தில் சில ரிஃப்கள் தேவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகின்றன. அது இசை பற்றிய குறை, அதை இசையாகவே பேசலாம்.

நிகழ்ச்சிக்குப் போனால் எப்படி நடந்துகொள்வது?

காதுதான் முதலில். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான், சிறிய அரங்கில் அதைத் தாண்டுவது சாதாரணம். நுரை அடைப்பானை மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரை அரை நிமிடம் பிடியுங்கள். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. குரல் தெளிவாக வேண்டுமென்றால் இசைக்கென்று வரும் வடிகட்டி அடைப்பான் வாங்குங்கள்.

பிட்டுக்குள் (மேடைக்கு முன் மோதி ஆடும் இடம்) போவதானால் காலணிக் கயிற்றை இரட்டை முடிச்சுப் போடுங்கள். ஆணி வைத்த பட்டை, சாவிக்கொத்து, கண்ணாடி வேண்டாம். யாராவது விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் உடனே நின்று தூக்கிவிட வேண்டும், இதில் விலக்கே இல்லை. சர்க்கிள் பிட் பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். எதிரே ஓடினால் உங்கள் பல்லும் அடுத்தவர் பல்லும்தான் போகும். மேடையிலிருந்து குதிப்பவர்கள் கீழே கைகள் தயாராக இருப்பதைப் பார்த்துவிட்டு, காலை முன்னே நீட்டாமல் குதிக்க வேண்டும். ஓரத்தில் நிற்பவரை இழுத்து உள்ளே தள்ளாதீர்கள்.

இன்னும் வாசிக்கிறார்களா?

2006ல் ஸ்பைக் கேசிடிக்குக் குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிகிச்சைக்காக ஓய்ந்து, தேறி, மேடைக்குத் திரும்பினார். 2016ல் 'பட் வெயிட்... தேர்ஸ் மோர்!' குறுந்தட்டு வந்தது: மூன்று புதிய பாட்டு, 'மேட் மேன்', 'கவுச் ஸ்லவுச்' இரண்டும் மறுபதிவு.

அடுத்து யாரைக் கேட்கலாம்?

காலத்தில் முன்னால் போவதென்றால் டிஸ்சார்ஜின் 1982 ஆல்பம். பக்கவாட்டில் கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டியின் 'அனிமாசிட்டி' (1985), க்ரோ-மேக்ஸின் 'தி ஏஜ் ஆஃப் குவாரல்' (1986), அக்னாஸ்டிக் ஃப்ரண்டின் 'காஸ் ஃபார் அலார்ம்' (1986). பின்னால் வந்தவர்களில் ரிச்மண்டின் முனிசிபல் வேஸ்ட், டல்லஸின் பவர் டிரிப். இவற்றில் க்ரோ-மேக்ஸை முதலில் எடுங்கள். டி.ஆர்.ஐ. வேகத்தால் தாண்டிய கோட்டை அவர்கள் கனத்தால் தாண்டினார்கள்.